சேனாதிபதிப் பதவியின் வரலாறு

நாட்டுக்குப் படை இன்றியமையாதது. படைக்குத் தலைவன் இன்றியமையாதவன். வள்ளுவனார் பொருட்பாலிற் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் வகுத்து, அவற்றுள் முன்னதனை முடிக்குமிடத்து, வீரர் தொகை எத்துணைப் பெரிதாயினும் நடத்துவாரின்றேல் அப்படை நிலைபெறாது என்னும் கருத்தை அமைத்தனர். பண்டைத் தமிழ் வேந்தரும் தம் படைத்தலைவருக்கு ஏனாதி என்னும் பட்டமும் மோதிரமும் அளித்துச் சிறப்பித்தனர். ஆயினும் இதனோடு ஒட்டிய மற்றொரு வினா உண்டு. படையை நடத்துவோன் சேனாதிபதி. அச்சேனாதிபதியை நடத்துவோர் யாவர்? வேந்தன் தானே முன்னின்று போர் புரிந்த காலத்தில் இவ்வினா எழுவதற்கு இடமில்லை. சபைகளும் மந்திரிகளும் ஆளும் நாட்டிலோ இதுவே தலையாய வினாவாகும். ஆங்கிலேயர் இதற்கு விடை காண இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முயன்றனர். அம்முயற்சியின் தொடக்கப் பகுதியிற் பெரும்பங்கு நம் சென்னையிலேயே நிகழ்ந்தது என்பதை நம்மிற் பலர் அறியார். ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

நம் மாணவரிற் பலர் ஆவடியினின்றும் அம்பத்தூரினின்றும் பூந்தமல்லியினின்றும் நாடோறும் வருகின்றனர். ஆவடியோ பீரங்கி வண்டிகள் செய்யும் ஊர். பூந்தமல்லியோ பழைய கோட்டையும் ஆங்கிலேயப் பட்டாளத்தின் கண்டோன்மென்டும் இருந்த ஊர். எழும்பூரில் எதிராஜ் சாலை என நாம் இன்று வழங்கும் தெருவுக்கு முற்காலத்தில் ‘கமாண்டர்-இன்-சீப் ரோடு’ என்பதே பெயர். சென்னைப் படையின் சேனாதிபதி எத்துணைப் பெரிய மனிதராய் விளங்கினார் என்பதற்கு அத்தெருப்பெயர் ஒன்றே போதிய சான்றாகும்.

வரலாற்றுட் புகுமுன் ஒரு வேறுபாட்டை உணர்தல் நலம். படையில் தரம் என்பது வேறு. பதவி என்பது வேறு. கர்னல், ஜெனரல், பீல்டு மார்ஷல் என்பன தரங்கள். ஒருவர் தம் ஊழியத்தாலும் மூப்பாலும் அவற்றை அடைகின்றார். சேனாதிபதி என்பதோ பதவி. அதில் ஒரு காலத்து ஒருவரே அமர்வர். அதனின்று நீங்கிய பின்னர் அதன் அதிகாரம் அவருக்கு இல்லை. தரங்களின் பெயர் பெரிதும் மாறாமல் நிற்க, பதவியின் பெயரும் அதிகாரமும் காலந்தோறும் மாறிவந்தன. அம்மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

1746-ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். அதன் பின்னரே கும்பினியார் தம் வணிகத்தைக் காக்க ஒழுங்கான படை வேண்டும் என உணர்ந்தனர். 1748-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்னும் மேஜர் கடலூருக்கு அருகிலுள்ள புனித தாவீது கோட்டையில் வந்திறங்கி, கும்பினிப் படைக்குத் தலைமை ஏற்றார். காவற்காரரும் கூலிப்படையினருமாகச் சிதறிக் கிடந்தவர்களைத் திரட்டிக் கம்பெனிகளாக வகுத்துப் பயிற்றியவர் அவரே. பிற்காலத்தார் அவரை இந்தியப் படையின் தந்தை என்று அழைத்தனர். ஆயினும் அவர்க்கும் கும்பினியார்க்கும் ஊதியம் பற்றிப் பிணக்கு நேர, 1750-இல் அவர் பதவியைத் துறந்து தாயகம் சென்று, 1752-இல் மீண்டும் வந்தார். வணிகர் சபை எழுதுகோலால் ஆள, வீரர் வாளால் ஆள, இரண்டிற்கும் இடையே எல்லைக் கோடு வகுக்கப்படாத நிலை அன்றே தொடங்கிற்று.

அந்நிலையின் விளைவு 1776-இல் வெளிப்பட்டது. அப்பொழுது சென்னைக் கவர்னர் பிகட் பிரபு. தஞ்சையை அதன் அரசர்க்கே மீட்டுக் கொடுத்தல் வேண்டும் என்னும் கும்பினித் தலைமையின் ஆணையை அவர் நிறைவேற்ற முற்பட்டார். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்திருந்தவர்களோ தஞ்சை வருவாயின்மேற் கண்ணாயிருந்தனர். ஆலோசனைச் சபையிற் பெரும்பாலார் அவர்கள் பக்கமே நின்றனர். கவர்னர் தம்மை எதிர்த்த உறுப்பினரை விலக்கினார். அவ்வுறுப்பினரோ, சேனாதிபதி நோயுற்றிருந்தமையால், அவர்க்கு அடுத்த நிலையிலிருந்த கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை அணுகிக் கவர்னரையே சிறைப்பிடிக்கப் பணித்தனர். ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள், கோட்டையினின்று தோட்ட மாளிகைக்கு ஒரே வண்டியில் ஸ்டூவர்ட்டுடன் சென்றுகொண்டிருந்த கவர்னர் வழியிலே தடுத்துச் சிறைப்பிடிக்கப்பட்டுப் பரங்கிமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் விடுதலை பெறாமலே 1777 மே மாதத்தில் உயிர் நீத்தார். நாட்டை ஆள வந்தவர் தம் படைத்தலைவனாலேயே சிறைப்பட்டு இறந்த இச்செய்தி இங்கிலாந்தையே திடுக்குறச் செய்தது.

இதன் மறுபக்கம் ஏழாண்டு கழித்து நிகழ்ந்தது. ஐதர் அலியின் படை 1780-இல் கர்நாடகத்துள் வெள்ளம் போற் புகுந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. உதவிக்கு வரவேண்டிய சேனாதிபதி ஹெக்டர் மன்றோ தம் பெரும்பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் எறிந்துவிட்டுச் சென்னையை நோக்கித் திரும்பினார். இவ்விடரைத் தீர்க்க வங்காளத்தினின்று இந்தியச் சேனாதிபதி சர் அயர் கூட் வந்தார். ‘படை பற்றிய யாவும் என் கையிலேயே இருத்தல் வேண்டும்’ என்பது அவர் நிலை, ‘பணம் கொடுப்பவர் யாம், ஆதலின் எமக்கும் அதில் உரிமை உண்டு’ என்பது கவர்னர் மெக்கார்ட்னி பிரபுவின் நிலை. கூட் 1783-இல் சென்னையிற் காலமானார். அதன் பின்னர்ச் சென்னைப் படையின் தலைமையில் நின்றவர் பிகட்டைச் சிறைப்பிடித்த அதே ஸ்டூவர்ட். கடலூர் முற்றுகையில் அவர் ஒழுகிய முறை கவர்னர்க்கு ஏற்கவில்லை. ஆணைக்கு அவர் அடங்கவுமில்லை. ஆதலின் 1783 செப்டம்பரில் மெக்கார்ட்னி அவரைப் பதவி நீக்கிச் சிறைப்பிடித்துக் கப்பலேற்றி அனுப்பினார். பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்திருந்த ஸ்டூவர்ட் இதனை மறந்திலர். 1786-இல் இலண்டன் நகரிலே மெக்கார்ட்னியைத் துப்பாக்கிச் சமருக்கு அழைத்துக் காயப்படுத்தினார்.

ஒரு முறை சேனாதிபதி கவர்னரைச் சிறைப்பிடித்தார். மறுமுறை கவர்னர் சேனாதிபதியைச் சிறைப்பிடித்தார். பத்தாண்டுக்குள் ஒரே நகரத்தில் இவ்விரண்டும் நிகழ்ந்தமையின், மனிதர் குறையன்று, அமைப்பின் குறையே காரணம் என்பது அறிவுடையோர்க்குப் புலனாயிற்று. இதற்கு மருந்தாக இரு பதவிகளையும் ஒருவரிடமே ஒப்புவிக்கலாயினர். 1786-இல் வந்த காரன்வாலிஸ் பிரபு கவர்னர் ஜெனரலும் இந்தியச் சேனாதிபதியுமாக ஒருங்கே விளங்கினார். 1790-இல் ஜெனரல் மெடோஸ் சென்னைக் கவர்னரும் சென்னைச் சேனாதிபதியும் ஆனார். இம்மருந்து பிணக்கைத் தீர்த்தது உண்மையே. ஆயினும் கண்காணிப்பையும் தீர்த்துவிட்டது. தன்னைத் தானே தணிக்கை செய்யும் அதிகாரி எத்துணை நல்லவராயினும் அம்முறை நெடுங்காலம் நிலைக்கத் தக்கதன்று.

மீண்டும் பதவிகள் பிரிந்தன. பிரிந்த நிலையில் விளைந்த பெருங்கேடு வேலூரிலே கண்டது. சென்னைச் சேனாதிபதி சர் ஜான் கிரடாக் சிப்பாய்களின் தோற்றத்தை ஒரே சீராக்க விரும்பினார். அவர் காலத்தில் 1805-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1806-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பிறந்த விதிகள், புதுவகைத் தலைப்பாகை அணிதல், தாடி களைதல், அணிவகுப்பில் சமயக் குறிகளை நீக்குதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. தலைப்பாகையில் தோற் குஞ்சம் ஒன்றும் இருந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் இதனைத் தம் சமயத்துக்கு இழுக்கு என்று கருதினர். மறுத்தவர்க்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் எழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டனர். ஆர்க்காட்டினின்று கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டார். சிப்பாய்களிற் பல நூற்றுவர் உயிரிழந்தனர்.

பின்னர் எழுந்த வினா யாதெனின், இவ்விதிகளுக்குப் பொறுப்பாளி யார் என்பதே. கவர்னர் வில்லியம் பெண்டிங் பிரபு அரசின் தலைவர். கிரடாக் படையின் தலைவர். விதித் தொகுதியில் அடங்கியிருந்த அப்பகுதி தம் பார்வைக்குத் தனியே கொண்டுவரப்படவில்லை என்பது அரசின் பக்கத்து வாதம். சேனாதிபதியோ தம் கீழுள்ள அதிகாரிகள் இவ்விதிகளால் தீங்கில்லை என்று கூறியதை நம்பினார். இருவரையும் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டனர். ஒருவர் அறியாமையும் மற்றொருவர் நம்பிக்கையும் சேர்ந்து எத்தனை உயிரைக் கொண்டுபோயின! தன் கீழுள்ளோரின் உள்ளத்தை அறியாத தலைமை, அத்தலைமையை ஆராயாத அரசு ஆகிய இரண்டும் கூடின் யாது விளையும் என்பதற்கு வேலூர்க் கோட்டை இன்றும் சான்றாய் நிற்கின்றது.

அத்துடன் முடிந்ததில்லை. கிரடாக்கின்பின் வந்த ஹே மக்டோவல் என்னும் சேனாதிபதிக்கு ஆலோசனைச் சபையில் இடமளிக்கக் கும்பினித் தலைமை மறுத்தது. அதுகாறும் சேனாதிபதியர் அச்சபையில் அமர்ந்து வந்தனர். ஆதலின் அவர் இதனைப் பேரவமதிப்பாகக் கொண்டார். படைக்குக் கூடாரம் அமைத்துக் கொடுக்கும் குத்தகையால் அதிகாரிகள் அடைந்துவந்த ஆதாயத்தைச் சிக்கனம் கருதிய அரசு நிறுத்தியது. அதற்கு அடிப்படையான அறிக்கையை எழுதிய கர்னல் மன்றோவைச் சேனாதிபதி காவலில் வைத்தார். அரசோ அவரை விடுவித்தது. மக்டோவல் 1809 ஜனவரியில், அரசைச் சாடும் ஆணையொன்றை வெளியிட்டுவிட்டுக் கப்பலேறினார்; அக்கப்பல் கடலிலே மறைந்தது. அவ்வாணையிற் கையொப்பமிட்ட கீழதிகாரியைக் கவர்னர் பார்லோ தற்காலிகமாக நீக்கவே, மசூலிப்பட்டினம், ஐதராபாத், சீரங்கப்பட்டணம் ஆகிய இடங்களில் ஆங்கிலேய அதிகாரிகளே அரசுக்கு மாறாகக் கிளர்ந்தனர். இதனை வெள்ளையர் கலகம் என வரலாற்றாசிரியர் கூறுவர். சிப்பாய்கள் தம் சமயத்தின் பொருட்டு எழுந்து மூன்றாண்டு முடியுமுன் அவர்களை அடக்கிய அதிகாரிகள் தம் பணப்பையின் பொருட்டு எழுந்தனர் என்பது சிந்திக்கத் தக்கது. முன்னவர்க்குக் கிடைத்த தண்டனையும் பின்னவர்க்குக் கிடைத்த மன்னிப்பும் ஒத்த அளவினவல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனிப் படையும் தனித்தனிச் சேனாதிபதியும் இருந்தனர். புகைவண்டியும் தந்தியும் நாட்டை ஒன்றாகப் பிணைத்த பின்னர் மூன்று தலைமை வேண்டுவதில்லை என்பது தெளிவாயிற்று. 1893-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி சென்னை, பம்பாய்ச் சேனாதிபதிப் பதவிகள் ஒழிந்தன; 1895 ஏப்ரல் முதல் இந்தியப் படை ஒரே சேனாதிபதியின் கீழ் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டது.

இவ்விடத்து ராபர்ட்ஸ் பிரபுவை நினைவு கூர்தல் வேண்டும். அவர் 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனாதிபதி. பின்னர் 1893 வரை இந்தியச் சேனாதிபதி. 1901 முதல் 1904 வரை பிரிட்டிஷ் படை முழுவதற்கும் சேனாதிபதி. மூன்று படிகளையும் ஏறியவர் அவர். ஆயினும் தமிழ் மக்கள் அவரை நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வடமேற்கு எல்லையில் உருசியரை எதிர்க்க வல்லவர் வடநாட்டு வீரரே என்றும், தென்னாட்டுச் சிப்பாய் போர்த்தகுதி குன்றினான் என்றும் அவர் முடிவு செய்தார். அக்கொள்கை மேலோங்கிய நாட்களிற் சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சிலவற்றில் வடநாட்டார் நிரப்பப்பட்டனர். சுரங்கம் வெட்டுதல், பாலம் அமைத்தல் முதலிய தொழில் வல்ல சென்னைச் சாப்பர் படை மட்டுமே புகழ் குன்றாது நின்றது. நெடுங்காலம் போரின்றி வைக்கப்பட்டிருந்தவனைப் போரறியாதவன் எனப் பழித்தல் எங்ஙனம் நீதியாகும்? உயர்பதவியில் இருப்பவர் ஒருவரின் கருத்து பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பையும் பெருமையையும் மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்று. இரண்டாம் உலகப் போரின்போது மெட்ராஸ் ரெஜிமெண்டை மீண்டும் எழுப்ப நேர்ந்தமை அக்கொள்கைக்குக் காலமே அளித்த மறுமொழியாகும்.

இனி, இங்கிலாந்திலே இப்பதவி அடைந்த மாற்றத்தைச் சிறிது நோக்குவோம். விக்டோரியா மகாராணியாரின் உறவினரான கேம்பிரிட்ஜ் கோமகன் 1856 முதல் 1895 வரை முப்பத்தொன்பது ஆண்டு சேனாதிபதியாய் வீற்றிருந்தார். சீர்திருத்தம் எதனையும் அவர் எளிதில் ஏற்றவரல்லர். 1870-இல் கார்டுவெல் என்னும் யுத்த மந்திரி, சேனாதிபதி மந்திரிக்குக் கீழ்ப்பட்டவரே என்பதைச் சட்டத்தால் நிலைநாட்டினார். தென்னாப்பிரிக்கப் போயர் போரில் நேர்ந்த தோல்விகள், ஒரே மனிதர் தலையில் எல்லாப் பொறுப்பையும் சுமத்தும் முறை பயன்படாது எனக் காட்டின. ஆகவே எஷர் பிரபுவின் குழு கூறியவாறு 1904-இல் சேனாதிபதிப் பதவியே ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் படைச்சபை ஒன்றும், தலைமை அதிகாரியாகப் படைப்பணித் தலைவர் ஒருவரும் தோன்றினர். சேனாதிபதி ஆணையிடுபவர், பணித்தலைவரோ மந்திரிக்கு ஆலோசனை கூறி, முடிவு செய்யப்பட்டதை நிறைவேற்றுபவர். பெயர் மாற்றம் சிறிதாயினும் பொருள் மாற்றம் பெரிது. 1909-இல் அப்பதவியின் பெயரோடு ‘ஏகாதிபத்திய’ என்னும் அடைமொழி சேர்ந்தது. 1964-இல் அவ்வடைமொழி நீங்கிற்று.

இங்கிலாந்து சேனாதிபதியை ஒழித்த அதே வேளையில் இந்தியாவிலோ அப்பதவி முன்னிலும் வலிமை பெற்றது. வைசிராயின் சபையில் சேனாதிபதியோடு படைத்துறை உறுப்பினர் என மற்றொருவரும் இருந்து, படையின் செலவையும் ஏற்பாட்டையும் ஆராய்ந்து வந்தார். 1902-இல் சேனாதிபதியாக வந்த கிச்சனர் பிரபு, தம்மினும் தரத்திற் குறைந்த ஒருவர் தம் கருத்தை ஆராய்தல் தகாது என வாதித்தார். இருவேறு கருத்தைக் கேளாமல் அரசு முடிவு செய்தல் இயலாது என்றார் கர்சன் பிரபு. இலண்டன் அரசாங்கம் கிச்சனர் பக்கம் சாயவே, கர்சன் 1905-இல் வைசிராய்ப் பதவியைத் துறந்தார். வெற்றி யாருடையது என்பதைப் பத்தாண்டுக்குப் பின் மெசபொடோமியாவே கூறிற்று. உணவும் மருந்தும் ஊர்தியும் குறைந்த நிலையில் அனுப்பப்பட்ட இந்தியப் படை 1916 ஏப்ரலில் கூட் என்னும் ஊரிற் சரணடைந்தது. 1917-இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, சேனாதிபதியின் பணியையும் படைத்துறை உறுப்பினரின் பணியையும் ஒருவரே தாங்குதல் இயலாது எனக் குறை கூறிற்று. கர்சன் அஞ்சியது உண்மையாயிற்று; அதன் விலையை வீரரே செலுத்தினர்.

1946 செப்டம்பரில் இடைக்கால அரசாங்கம் அமைந்தபோது பாதுகாப்புப் பொறுப்புச் சேனாதிபதியின் கையினின்று சர்தார் பல்தேவ் சிங்குக்கு மாறியது. 1947 ஆகஸ்டு 15 முதல் தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றும் தனித்தனிச் சேனாதிபதிகளைப் பெற்றன. 1949 ஜனவரி 15-இல் ஜெனரல் கரியப்பா தரைப்படையின் முதல் இந்தியச் சேனாதிபதி ஆனார். அந்நாளையே நாம் படைநாளாகக் கொண்டாடுகின்றோம். புதுதில்லியிற் சேனாதிபதிக்கென்று கட்டப்பெற்ற பெருமாளிகை பிரதம மந்திரி நேருவின் இல்லமாயிற்று. அதிகாரம் இடம் மாறியதற்கு அதனினும் தெளிவான அடையாளம் வேண்டா. ஆவடியிற் காங்கிரஸ் மகாசபை கூடிய 1955-ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் முதல் நாள் தொட்டு, சேனாதிபதி என்னும் பெயரும் சட்டத்தால் நீங்கிற்று. மூன்று படையின் தலைவரும் அன்று முதல் பணித்தலைவர் என்றே வழங்கப்படுகின்றனர். முப்படைகளின் உயர்தலைமை குடியரசுத் தலைவர்க்கே உரியது என அரசியலமைப்புக் கூறுதலின், மற்றொரு சேனாதிபதிக்கு இடமில்லை.

புதுப்பெயர் பூண்ட இப்பதவிகளில் நம் பக்கத்தாரும் அமர்ந்தனர். 1958-இல் கடற்படையின் முதல் இந்தியத் தலைவரான கட்டாரி செங்கற்பட்டிற் பிறந்தவர். சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயனின் மைந்தர் ஜெனரல் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை தரைப்படையை நடத்தினார். 1986-இல் அப்பதவி ஏற்ற ஜெனரல் சுந்தர்ஜி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, பட்டம் பெறுமுன்னரே படையிற் சேர்ந்தவர். தென்னாட்டான் போருக்குத் தகான் என்ற ராபர்ட்ஸ் அமர்ந்திருந்த ஆசனத்தின் வழியில் இவர்கள் அமர்ந்தனர் என்பதை எண்ணுங்கால் உவகை பெருகுகின்றது.

மூன்று தலைவர் இருப்பின் அவர்களை ஒருங்கிணைப்பவர் யார் என்பது அடுத்த வினா. இங்கிலாந்து 1959-இல் முப்படைத் தலைவர் என்னும் பதவியை ஏற்படுத்தியது. அதன் இரண்டாம் தலைவர், நம் நாட்டின் கடைசி வைசிராயாக இருந்த மவுண்ட்பேட்டன் பிரபு. இந்தியாவிலோ கார்கில் போருக்குப் பின் 2001-இல் மந்திரிகள் குழு இதனைப் பரிந்துரைத்தும், 2020 ஜனவரி முதல் நாளிலேதான் ஜெனரல் பிபின் ராவத் முதல் முப்படைத் தலைவர் ஆனார். அவர் 2021 டிசம்பர் 8-இல் சூலூரினின்று வெலிங்டன் படைக் கல்லூரிக்குச் செல்லும் வழியில், குன்னூருக்கு அருகே வானூர்தி வீழ்ந்து மாண்டதைத் தமிழ்நாடு மறவாது. ஓராண்டுக்கு அணித்தாக அப்பதவி வறிதாயிருந்து, 2022 செப்டம்பர் இறுதியில் ஜெனரல் அனில் சௌகான் நியமனம் பெற்றார்.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? படைத்தலைமைக்கு இரு வகைக் கேடு உண்டு. அடக்குவாரில்லாத் தலைமை பிகட்டைச் சிறைவைத்தது. ஆராய்வாரில்லாத் தலைமை வேலூரையும் மெசபொடோமியாவையும் விளைத்தது. கப்பர்நகூமிலிருந்த நூற்றுக்கு அதிபதி, தாமும் பிறர் ஆணைக்கு அடங்கியவர் என்பதை அறிந்தவர். ஆதலினாலேயே ஆணையின் பொருளும் அவர்க்கு விளங்கிற்று. அவர் உணர்ந்த உண்மையைப் பேரரசுகள் பல உயிர்களை இழந்த பின்னரே சட்டமாக எழுதின.

1961-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஆவடித் தொழிற்சாலையினின்று 1965-இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. பிகட் பிரபு சிறையிருந்த பரங்கிமலையின் பக்கத்தே இன்று படை அதிகாரிகளைப் பயிற்றும் கழகம் உள்ளது. 1992 முதல் அங்கே பெண்களும் பயில்கின்றனர். நம் மாணவ மாணவியரிற் சிலர் நாளை அங்கே செல்லக்கூடும். அவர்கள் ஆணையிடக் கற்குமுன் அடங்கக் கற்பார்களாக. தம் கீழுள்ளோரின் உள்ளத்தை அறியக் கற்பார்களாக. ஏனையோராகிய நமக்கும் கடமை உண்டு. படையை ஆள்வது அரசு. அரசை ஆக்குவது நம் வாக்கு. ஆதலின் சேனாதிபதியை நடத்துவோர் யாவர் என்னும் வினாவுக்குக் குடியரசில் விடை நாமே.